நாற்பது மெட்டா டேக் வேண்டாம், ஏழெட்டு போதும்

பர்மாவின் மோல்மீன் ஊரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அங்கே ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு இணையதளம் பார்த்துக்கொள்கிறார். தமிழ், பர்மியம், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் பக்கங்கள் உண்டு. தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. கூகுளில் பாடசாலையின் பெயரைப் போட்டால் தளம் வருகிறது. ஆனால் அடியில் இரண்டு வரி விளக்கம் வரவேண்டிய இடத்தில் "முகப்பு எங்களைப் பற்றி படங்கள் தொடர்புக்கு" என்று மெனுச் சொற்கள் நிற்கின்றன. வைபர் அரட்டைச் செயலியில் இணைப்பை அனுப்பினால் படம் வருவதில்லை. போனில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது என்று பெற்றோர் சொல்கிறார்கள். இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர் நாற்பது மெட்டா டேக், அதாவது பக்கத்தைப் பற்றிக் கணினிக்கு விவரம் சொல்லும் குறிப்பு வரிகள், எழுதித் தருகிறேன், கூகுளில் முதலிடம் வரும், 3 லட்சம் கியாட் ஆகும் என்கிறாராம். கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்க வேண்டாம், தம்பி. அது பாடசாலைப் பணம்; பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நீங்கள் சொன்ன மூன்று குறையும் மெட்டா டேக்கால் தீரக்கூடியவைதான். ஆனால் அதற்கு ஏழெட்டு டேக் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் நீங்களே எழுதிவிடலாம். ரங்கூனில் பத்து வருஷமாகக் கோயில்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் தளம் பார்த்துக் கொடுக்கிறேன். அதில் கற்றதை விரிவாகவே சொல்கிறேன். டேக்குகளின் பெயரை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலத்தில், சின்ன எழுத்தாகப் போடுங்கள்.

ஒரு வலைப்பக்கத்தின் கோப்பில் 'ஹெட்' என்று ஒரு பகுதி, 'பாடி' என்று ஒரு பகுதி. பாடியில் இருப்பது வாசகர் கண்ணுக்குத் தெரியும். ஹெட்டில் இருப்பது தெரியாது. அங்கேதான் மெட்டா டேக் உட்காரும். அரிசி மூட்டையின் வெளியே மை தடவிப் போடுவார்களே மார்க்கு, அந்த மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது என்று மூட்டையைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ள அது உதவும். உள்ளே இருக்கும் அரிசியை அது மாற்றாது. முதலிடம் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: மார்க்கை மாற்றினால் அரிசி எப்படி ஐயா மாறும்?

இந்த மார்க்கைப் படிப்பவர்கள் மூன்று பேர்: போனில் இருக்கும் உலாவி, கூகுள் போன்ற தேடுபொறி, அப்புறம் வைபர், டெலிகிராம், பேஸ்புக் போன்ற செயலிகள். உங்கள் மூன்று குறையும் இந்த மூன்று பேரிடம் ஒவ்வொன்றாக இருக்கிறது.

உலாவியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு முதலில் தெரியவேண்டியது 'சார்செட்', அதாவது பக்கத்தின் எழுத்துகள் எந்தக் குறியீட்டு முறையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்பது. இதற்கு ஒரே பதில் யூடிஎஃப்-8. மூன்று மொழியும் அதில் அடங்கும். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் (கணினிச் சேமிப்பின் அலகு). தமிழுக்கும் பர்மியத்துக்கும் ஒரு குறியீட்டுக்கு 3 பைட். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, ஆக 15 பைட்.

உலாவி குறியீட்டு முறையைத் தவறாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் திரையிலேயே கண்டுபிடிக்கலாம். தமிழ்க் குறியீடு எதுவானாலும் முதல் பைட் ஒன்றேதான். அதைப் பழைய ஐரோப்பிய முறையில் படித்தால், தலையில் சாய்கோடு வைத்த சின்ன ஆங்கில 'ஏ' எழுத்து வரும். அடுத்த பைட் பெரும்பாலும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறியாகத் தெரியும். இந்த ஜோடி வரி நிறையத் திரும்பத் திரும்ப நின்றால் அது கெட்டுப்போன தமிழ். பர்மியம் கெட்டால் ஆங்கில 'ஏ' தலையில் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும், பக்கத்தில் யூரோ காசுக்குறி வரிசையாக நிற்கும். யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் எந்த மொழிப் பக்கத்தில் கோளாறு என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

இங்கே நம் மொழிகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அதைச் சந்திப்பதே அரிது. சார்செட் டேக் கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் முழுமையாக இருக்க வேண்டும் என்பது விதி. சில வருஷம் முன்பு ஒரு கோயில் தளம் என்னிடம் வந்தது. சில போனில் நன்றாகத் தெரிகிறது, சில போனில் கொழகொழவென்று இருக்கிறது என்றார்கள். கோப்பைத் திறந்தால் சார்செட் டேக் இருக்கிறது, எழுத்துப் பிழையும் இல்லை. அரை நாள் தேடிய பிறகுதான் கண்ணில் பட்டது: முன்பு செய்தவர் பக்தியோடு, கோப்பின் உச்சியில் திருப்பணிக்குக் கொடுத்தவர்களின் பெயர்களையெல்லாம் தமிழில் குறிப்பாக எழுதிவைத்திருந்தார். வாசகருக்குத் தெரியாத குறிப்பு அது, ஆனால் பைட் கணக்கில் வரும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நானூறு பைட்டோடு போயிருக்கும். தமிழில் 340 குறியீட்டைத் தாண்டினாலே 1024 முடிந்துவிடும். சில உலாவிகள் அதற்கு மேலும் தேடிப் பார்க்கும், சில தேடாது. அந்தப் பெயர்களை அப்படியே எடுத்து டேக்குக்குக் கீழே வைத்தேன். எல்லாப் போனிலும் சரியாகிவிட்டது. அதனால் ஹெட் திறந்ததும் முதல் வரி சார்செட். தலைப்புக்கும் முன்னால். தலைப்பும் தமிழில்தானே இருக்கும்.

இதில் இரண்டு விஷயம் கூட. கோப்பையே யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்க வேண்டும். டேக் அதைச் சொல்லும், செய்து தராது. அப்புறம், தளத்தை அனுப்பித் தரும் கணினியான சர்வர் தன் பங்குக்கு வேறு குறியீட்டு முறையைச் சொல்லி அனுப்பினால் சர்வர் சொல்வதே செல்லும், உங்கள் டேக் செல்லாது. டேக் சரி, கோப்பும் சரி, அப்படியும் எழுத்து கெடுகிறது என்றால் தளத்துக்கு இடம் (ஹோஸ்டிங்) கொடுத்தவரிடம் இதைக் கேளுங்கள்.

பர்மியப் பக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்நாட்டில் 2019 அக்டோபர் 1-ஐ, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான முறையான யூனிகோடுக்கு மாறும் நாளாக வைத்தார்கள். அதற்கு முன் பெரும்பாலோர் ஸோஜி எழுத்துருவில் எழுதினார்கள். ஸோஜி, யூனிகோடில் பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே இடங்களை வேறு விதமாகப் பயன்படுத்தியது. அதனால் சார்செட் டேக் ஒழுங்காக யூடிஎஃப்-8 என்று சொன்னாலும், ஸோஜியில் தட்டிய வரி யூனிகோடு போனில் கொம்பும் வட்டமும் இடம் மாறித்தான் தெரியும். மெட்டா டேக்கால் இதைத் தீர்க்க முடியாது. பாடசாலையின் பழைய பர்மிய அறிக்கைகளிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தால் முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

தமிழிலும் இதே வியாதி உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய அழைப்பிதழ், ஆண்டறிக்கை எல்லாம் நம் கோயில்களிலும் சங்கங்களிலும் இன்னும் இருக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். மேலே எழுத்துருச் சட்டை போட்டதால் தமிழாகத் தெரிகிறது. பக்கத்தின் உள்ளே அந்தச் சட்டையைப் போட்டுவிடலாம். மெட்டா டேக்குக்கு எழுத்துருவே கிடையாது. அதை, கீழே சொல்லப்போகும் 'டிஸ்கிரிப்ஷன்' என்ற விவர டேக்கில் ஒட்டினால் கூகுளிலும் வைபரிலும் ஜே கே பி ஓ என்றுதான் நிற்கும். தமிழ் யூனிகோடில் 1991-இலேயே இடம் பெற்றுவிட்டது. இனி பழைய எழுத்துருவில் புதிதாக எதையும் தட்ட வேண்டாம்.

சரி, எறும்பு எழுத்து. அதற்கு 'வியூபோர்ட்' டேக். 2007-இல் ஐபோனோடு வந்தது. அது இல்லாவிட்டால் போன் உலாவி உங்கள் பக்கத்தை மேசைக் கணினிக்குச் செய்த பக்கம் என்று எண்ணி, சுமார் 980 பிக்சல் அகலத்தில் விரித்துப் பிறகு சின்னத் திரைக்குச் சுருக்கிக் காட்டும். வியூபோர்ட்டில் அகலம் 'டிவைஸ்-வித்', தொடக்க அளவு 1 என்று இரண்டை மட்டும் எழுதுங்கள். இந்நாட்டில் இது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். 2014-இல் டெலினாரும் ஊரிடூவும் 1,500 கியாட்டுக்கு சிம் விற்கத் தொடங்கிய பிறகுதான் நம் மக்கள் பெரும்பாலோருக்கு இன்டர்நெட் கைக்கு வந்தது, வந்ததே போனில்தான். உங்கள் பெற்றோர்களில் மேசைக் கணினி வைத்திருப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

சிலர் அதே டேக்கில் விரலால் பெரிதாக்க முடியாதபடி பூட்டும் சொல்லையும் சேர்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பேரனுக்கு வகுப்பு எத்தனை மணிக்கு என்று பார்க்க வரும் பாட்டி இரண்டு விரலை வைத்து விரித்துத்தான் படிப்பார். அவர் கையைக் கட்டிப்போட நமக்கு ஒரு காரணமும் இல்லை.

இப்போது கூகுள். இங்கே உங்களுக்கு வேண்டியது 'டிஸ்கிரிப்ஷன்' டேக். அதற்கும் முன்னால் 'டைட்டில்'. டைட்டில் மெட்டா டேக் வகையில் சேராது, ஆனால் ஹெட்டில் அதைவிடப் பெரிய மதிப்புள்ளது எதுவும் இல்லை. எல்லாப் பக்கத்துக்கும் பாடசாலைப் பெயரையே தலைப்பாக வைத்திருந்தால் முதலில் அதைப் பிரியுங்கள்: சேர்க்கைக்கு ஒன்று, பாடத்திட்டத்துக்கு ஒன்று, ஆண்டுவிழாப் படங்களுக்கு ஒன்று.

டிஸ்கிரிப்ஷனால் வரிசையில் மேலே ஏற முடியாது. கூகுளே அப்படிச் சொல்லியிருக்கிறது. ஆனால் தேடி வந்தவர் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே வருவாரா, அடுத்ததற்குப் போவாரா என்பதை அந்த இரண்டு வரிதான் தீர்மானிக்கும். டேக்கே இல்லாததால்தான் கூகுள் உங்கள் பக்கத்தின் மேலே கிடைத்த மெனுச் சொற்களை எடுத்துப் போட்டிருக்கிறது.

பெரும்பாலான சங்கங்களும் கோயில்களும் எழுதுவது இப்படி இருக்கும்: "எங்கள் இணையதளத்திற்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம். தமிழ் மொழியையும் பண்பாட்டையும் வளர்க்கும் நோக்கத்துடன்..." அவ்வளவுதான், அதற்குள் இடம் முடிந்துவிடும், மூன்று புள்ளி வந்துவிடும். வரவேற்பைப் பக்கத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஒருவர் நிறுத்தி "உங்கள் பள்ளியில் என்ன சொல்லித் தருகிறீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்களோ, அதை எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி இருக்கும்: "மோல்மீனில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. சனி, ஞாயிறு காலை 8 முதல் 10 வரை. ஆறு வயது முதல் சேரலாம், கட்டணம் இல்லை. சேர்க்கைப் படிவம் இங்கே." நேரமும் வயதும் உங்கள் பாடசாலைப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

எத்தனை எழுத்து என்று கணக்குக் கேட்பார்கள். கூகுள் எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லை. திரை அகலத்தைப் பார்த்து வெட்டும். ஆங்கிலத்துக்கு 155, 160 என்று சொல்லும் அளவை நமக்கு அப்படியே எடுக்கக்கூடாது. தமிழில் பல எழுத்துகளுக்கு இரண்டு குறியீடு சேரும், ஆனால் ஐ, ண, ஞௌ எல்லாம் அகலமாக இடம் பிடிக்கும். எண்ணிக்கொண்டிருப்பதைவிட முக்கியமானதை முதல் பத்துச் சொல்லுக்குள் கொண்டுவருவது நல்லது. பின்னால் வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை. சில தேடல்களுக்கு கூகுள் உங்கள் வரியை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்து வேறு வரியை எடுக்கும்; தேடியவர் கேட்டதற்கு அது பொருத்தம் என்று அதற்குத் தோன்றினால் அப்படிச் செய்யும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊர்ப் பெயரில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். 1989-இல் நாட்டின் பெயரும் ஊர்களின் பெயரும் ஆங்கிலத்தில் மாறின. வரைபடத்தில் மௌலமியாயின் என்று இருக்கும். நம் வீட்டில் மோல்மீன்தான். அறுபதுகளில் இங்கிருந்து கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று தேடும்போது பர்மா என்றும் ரங்கூன் என்றும்தான் தட்டுவார்கள், மியன்மார் என்று தட்டுபவர் குறைவு. அதனால் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் பழைய பெயரும் புதிய பெயரும் இரண்டும் இயல்பாக வரும்படி ஒரு வாக்கியம் எழுதி, அதன் சுருக்கத்தை அந்தப் பக்கத்தின் டிஸ்கிரிப்ஷனில் வையுங்கள். தாத்தா படித்த பள்ளியைத் தேடி ஒருவர் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்தால் அதைவிட வேறென்ன வேண்டும்.

பர்மியப் பக்கத்தின் டிஸ்கிரிப்ஷன் பர்மியத்தில் இருக்கட்டும், ஆங்கிலப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில். ஒரே தமிழ் வரியை மூன்றிலும் ஒட்டாதீர்கள். பக்கத்தின் மொழியைச் சொல்ல மெட்டா டேக் தேட வேண்டாம். கோப்பின் முதல் டேக்கான ஹெச்டிஎம்எல்லில் 'லாங்' என்று போட்டுத் தமிழுக்கு டி, ஏ, பர்மியத்துக்கு எம், ஒய் என்று எழுதினால் போதும். கூகுள் அதைப் பார்க்காமல் பக்கத்தில் தெரியும் எழுத்தைப் பார்த்தே மொழியை முடிவு செய்கிறது என்றாலும், பார்வையற்றோருக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதை வைத்துத்தான் எந்த மொழிக் குரலில் வாசிப்பது என்று தெரிந்துகொள்ளும்.

இனி அந்த நாற்பது டேக். அதில் பாதிக்கு மேல், தேடும் சொற்களை அடுக்கிவைக்கும் 'கீவேர்ட்ஸ்' சங்கதியாக இருக்கும் என்பது என் ஊகம். தொண்ணூறுகளில் அல்டாவிஸ்டா காலத்துத் தேடுபொறிகள் அதைப் படித்தன. ஆளாளுக்குச் சம்பந்தமில்லாத சொல்லை அடுக்கியதால் அதன் மதிப்புக் கெட்டது. வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் அதற்குக் காசு வாங்குகிறார்கள் என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் காசு பெரும்பாலும் உங்களைப் போன்ற பள்ளியிலிருந்தும் கோயில் உண்டியலிலிருந்தும் போகிறது. 'ரிவிசிட்-ஆஃப்டர்' என்று ஏழு நாளைக்கு ஒருமுறை வா என்று சொல்லும் டேக்குக்கும் கூகுள் செவி கொடுப்பதில்லை. தேடுபொறிக்குக் கட்டளை சொல்லும் 'ரோபாட்ஸ்' டேக்கில் 'இன்டெக்ஸ், ஃபாலோ' (தேடலில் சேர், இணைப்புகளைப் பின்தொடர்) எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒன்றுதான், அது இயல்பாகவே நடக்கும்.

ஆனால் அதே 'ரோபாட்ஸ்' டேக்கில் 'நோஇன்டெக்ஸ்' என்ற சொல்லுக்குப் பலம் அதிகம். இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று பொருள். ஒரு துணிக்கடைக்குத் தளம் செய்தபோது, வேலை நடக்கும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று நானே அதைப் போட்டேன். திறப்பு நாளில் எடுக்க மறந்துவிட்டேன். நான்கு மாதம் கடையின் பெயரைத் தேடினாலும் தளம் வரவில்லை. கடைக்கார அண்ணன் என்னைத் திட்டவில்லை, ஆனால் அந்தத் தீபாவளி வியாபாரத்தில் தளத்தால் ஒரு சேலைகூட விற்கவில்லை. அன்றிலிருந்து தளம் திறக்கும்போது முதலில் தேடுவது அந்தச் சொல்லைத்தான். இன்னொன்று: மாணவர் பெயரும் வீட்டு போன் நம்பரும் உள்ள பட்டியலை நோஇன்டெக்ஸ் போட்டு மறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இணைப்பு கிடைத்த யாரும் அதைத் திறக்கலாம். அப்படிப்பட்ட பட்டியல் தளத்தில் இருக்கவே கூடாது.

கடைசியாகச் செயலிகள். இணைப்பை அனுப்பும்போது வரும் படமும் தலைப்பும் 'ஓப்பன் கிராஃப்' டேக்குகளிலிருந்து வருகின்றன. பேஸ்புக் 2010-இல் கொண்டுவந்த முறை, மற்றவையும் அதையே படிக்கின்றன. நான்கு போதும்: ஓஜி டைட்டில், ஓஜி டிஸ்கிரிப்ஷன், ஓஜி இமேஜ், ஓஜி யூஆர்எல். ஓஜிக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் முக்காற்புள்ளி வரும். டிஸ்கிரிப்ஷன் போன்ற டேக்குகளில் 'நேம்' என்று எழுதும் இடத்தில் இவற்றில் 'ப்ராப்பர்ட்டி' என்று எழுத வேண்டும். படம் வராத தளங்களைப் பார்த்தால் பாதிக்கு இதுதான் காரணம். மீதிப் பாதிக்கு, படத்தின் முகவரியை ஹெச்டிடிபிஎஸ் தொடங்கி முழுதாக எழுதாமல் கோப்பின் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். படம் 1200க்கு 630 பிக்சல், சில நூறு கிலோபைட்டுக்குள். சில செயலிகள் ஓரத்தை வெட்டிச் சதுரமாகக் காட்டும், அதனால் முகமோ எழுத்தோ நடுவில் இருக்கட்டும். இந்த டேக்குகளை, பக்கம் திறந்தபின் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் வந்து பிறகு சேர்ப்பது போல வைக்காதீர்கள். படிக்க வரும் செயலிகள் பெரும்பாலும் அதை ஓட்டிப் பார்ப்பதில்லை.

எட்டாவது டேக், தளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவி தரும் சரிபார்ப்பு வரி. முகப்புப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் தளம் உங்களுடையது என்று கூகுள் ஒத்துக்கொள்ளும். எந்தச் சொல்லைத் தேடி வருகிறார்கள் என்று இலவசமாகப் பார்க்கலாம். பிறகு அந்த வரியை அழித்துவிடாதீர்கள், அழித்தால் உரிமையும் போய்விடும்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. வேர்டிலிருந்தோ அரட்டைச் செயலியிலிருந்தோ டேக்கை எடுத்து ஒட்டினால் நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறி வந்துவிடும். உலாவிக்கு அது மேற்கோள் குறியே இல்லை. அதே போல விவர வரிக்குள் இரட்டை மேற்கோள் வந்தால் அந்த இடத்திலேயே விவரம் முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். பாடசாலை பெயரை மேற்கோளுக்குள் போடும் வழக்கம் இருந்தால் இந்த டேக்கில் மட்டும் விட்டுவிடுங்கள். எழுதியதைச் சோதிக்க ஆண்ட்ராய்டு போன் குரோமில் பக்க முகவரிக்கு முன்னால் 'வியூ-சோர்ஸ்' என்று தட்டி முக்காற்புள்ளி வைத்தால் கோப்பு அப்படியே தெரியும்.

டேக்குகளைச் சேர்த்ததும் இணைப்பைப் பெற்றோர் குழுவில் உடனே போடாதீர்கள். முதலில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். முன்பு படமில்லாமல் போன இணைப்பைச் செயலிகள் நினைவில் வைத்திருக்கும். டெலிகிராமில் வெப்பேஜ்பாட் என்ற தானியங்கிக் கணக்குக்கு இணைப்பை அனுப்பினால் புதிதாக எடுத்துக்கொள்ளும், பேஸ்புக்கில் ஷேரிங் டீபக்கர் அதே வேலையைச் செய்யும். கூகுளில் புதிய விவரம் தெரியச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அதுவரை வரியைத் திரும்பத் திரும்ப மாற்றாமல் அப்படியே விட்டுவையுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் மெனுச் சொற்களே வந்தால் ஹெட் பகுதியை மட்டும் வெட்டி எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.